பட்டாளத்து வீடுகளுக்கு மனநல ஆலோசகர்களைத் தயார்செய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

வேலூர் லாங்கு பஜாரில் ஒரு மணிக்கூண்டு இருக்கிறது. இந்த ஊரிலிருந்து 277 பேர் 1914–19 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் துறந்தார்கள் என்று அதில் பதித்த கல் சொல்கிறது. காய்கறிப் பையோடு கடந்து போகிறவர்களில் அதை நின்று படிப்பவர் அபூர்வம். திரும்பி வந்த மற்றவர்கள் எப்படி வாழ்ந்தார்கள், அவர்கள் மனைவிமார் என்ன பட்டார்கள் என்பதற்குக் கல் ஏதும் இல்லை.

இன்றும் வேலூர் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் படையில் இருந்த தெருக்கள் உண்டு. கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறை சீருடைகள் ஒரே பரணில் கிடக்கும். இந்தக் குடும்பங்களுக்கு மனநல உதவி செய்யத் தனியாகப் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் மிகக் குறைவு. தொண்டு நிறுவனம், கல்லூரியின் சமூகப்பணித் துறை, முன்னாள் படைவீரர் சங்கம் என்று யார் வேண்டுமானாலும் இப்படிப்பட்ட பயிற்சியைத் தொடங்கலாம். அப்படித் தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பயிற்சிகள் வெளிநாட்டுப் பாடநூலைத் திறந்துவைத்துக்கொண்டு, குண்டுச் சத்தம், கெட்ட கனவு, திடீர் நினைவு என்று போர் அதிர்ச்சியில் ஆரம்பிக்கின்றன. அது தேவையான பாடம்தான், ஆனால் முதல் பாடம் அதுவல்ல. நம் ஊரில் பட்டாளத்து வீட்டிலிருந்து உதவி கேட்டு வருகிறவர் பெரும்பாலும் மனைவி. அவர் கொண்டுவரும் புகார் குடி, கோபம், சந்தேகம், மகனோடு சண்டை, பங்காளியோடு வரப்புத் தகராறு. தோண்டிப் பார்த்தால் அநேகமாக எல்லாம் ஒரே இடத்தில் போய் நிற்கும்: பதினேழு, இருபது வருடம் லீவுக்கு மட்டும் வந்து போன மனிதர், இந்தமுறை வந்தார், திரும்பிப் போகவில்லை. அந்த நாளிலிருந்து பயிற்சியைக் கட்டுங்கள்.

படி 1: யாரைச் சேர்ப்பது

ஒரு அணிக்கு 15 பேருக்கு மேல் வேண்டாம். உளவியல், சமூகப்பணி முதுகலை படித்தவர்கள் பாதிப் பேர் இருக்கட்டும். மீதி இடங்களைப் படைவீரரின் மனைவி, ராணுவ மருத்துவமனையில் பணிபுரிந்த செவிலியர், ஓய்வுபெற்ற படைவீரர் ஆகியோருக்கு ஒதுக்குங்கள். பட்டம் பெற்றவருக்குப் பட்டாளம் தெரியாது. பட்டாளம் தெரிந்தவருக்கு வாயை மூடிக்கொண்டு கேட்கத் தெரியாது. மூன்று மாதம் ஒரே அறையில் உட்கார்ந்தால் இரு தரப்பும் ஓரளவு திருந்தும்.

முன்னாள் வீரரே ஆலோசகரானால் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். நல்லதுதான், ஒரு சிக்கலோடு. ஓய்வுபெற்ற சுபேதார் எதிரே உட்கார்ந்திருந்தால், சிப்பாயாக ஓய்வுபெற்றவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு எல்லாவற்றுக்கும் "சரி சாப்" என்பார். அழவும் மாட்டார், மறுக்கவும் மாட்டார். ரேங்க் ஓய்வு பெறுவதே இல்லை. இதை முதல் நாளே பேசிவிடுங்கள். கூடுமானவரை ஒரே யூனிட், ஒரே ஊர், ஒரே உறவு வட்டம் இல்லாதவரை அமர்த்துங்கள்.

எல்லையையும் அன்றே வரையறுத்துவிட வேண்டும். மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேண்டும். மருந்து எழுதுவது மருத்துவர் வேலை. உங்கள் பயிற்சியை முடித்தவர் கேட்பார், ஆபத்தை அடையாளம் காண்பார், குடும்பத்தோடு பேசுவார், சரியான இடத்துக்கு அனுப்பிவைத்துத் தொடர்ந்து விசாரிப்பார். நோய்ப் பெயர் சூட்ட மாட்டார். சான்றிதழிலேயே இதை எழுதிவிடுவது நல்லது.

படி 2: பட்டாளம் என்ற பாடம்

இதற்கு முழுதாக இரண்டு நாள் ஒதுக்குங்கள். நாயக்குக்கும் ஹவில்தாருக்கும் வித்தியாசம் தெரியாத ஆலோசகரை எந்த ஹவில்தாரும் நம்ப மாட்டார். பீல்டு போஸ்டிங் என்றால் குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ள முடியாது, பீஸ் போஸ்டிங்கில் குவார்ட்டர்ஸ் கிடைத்தால் முடியும். ஜவானுக்கு ஆண்டு விடுப்பு 60 நாள், தற்செயல் விடுப்பு 30 நாள். அதையும் துண்டு துண்டாக எடுத்து, ரயிலில் வந்து போகிற நாட்களைக் கழித்தால் ஒரு வருடத்தில் பிள்ளை அப்பாவைப் பார்த்த நாள் எத்தனை என்பதைப் பயிற்சி பெற வந்தவர்களையே (இவர்களைத்தான் இனிப் பயிற்சியாளர் என்கிறேன்) கணக்குப் போடச் சொல்லுங்கள். அந்தக் கணக்கு ஒன்றே பாதிப் பாடத்தை நடத்திவிடும்.

அடுத்து காகிதங்கள். டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணையான பி.பி.ஓ., முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.ஸின் அட்டை, கேன்டீன் கார்டு, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் தரும் அடையாள அட்டை ஆகியவற்றின் மாதிரிகளை மேசையில் பரப்பி, எது எதற்கு என்று சொல்லிக்கொடுங்கள். பி.பி.ஓ.வில் மனைவி பெயரில் ஒரு எழுத்து தப்பாக விழுந்ததால் ஆண்டுக்கணக்கில் தூக்கம் போன குடும்பங்கள் உண்டு. அங்கே முதலில் வேண்டியது எழுத்துத் திருத்தம். மூச்சுப் பயிற்சி அப்புறம்.

சி.ஆர்.பி.எப்., பி.எஸ்.எப். போன்ற மத்திய ஆயுதக் காவல் படையினரையும் ஊரில் "மிலிட்டரி" என்றுதான் சொல்வார்கள். ஆனால் முன்னாள் படைவீரர் என்ற சட்ட வரையறைக்குள் அவர்கள் வருவதில்லை. 2003-இல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டமும் அவர்களுக்கு இல்லை. இது தெரியாமல் ஒரு சி.ஆர்.பி.எப். காவலரை இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்குக்கு அனுப்பினால், அவர் வாசலோடு திரும்புவார், உங்களிடமும் மறுபடி வர மாட்டார். 2022-இல் அறிமுகமான அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களும் தனி வகை. நான்கு ஆண்டு முடிந்ததும் கால்வாசிப் பேர் வரைதான் நிரந்தரமாவார்கள். மற்றவர்கள் இருபதுகளின் தொடக்கத்தில், ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் சேவை நிதியோடு, பென்ஷன் இல்லாமல் வீடு திரும்புவார்கள். "ஏன் உன்னை மட்டும் எடுக்கவில்லை?" என்று ஊர் கேட்கப்போகும் கேள்விக்கு இப்போதே ஆலோசகர்களைத் தயார்செய்து வைக்க வேண்டும்.

இந்த இரண்டு நாளில் மிக முக்கியமான மணி நேரம் 'ஷேப்' என்ற சொல்லுக்கு உரியது. படையில் ஒருவருடைய உடல்தகுதியை ஐந்து எழுத்தால் அளப்பார்கள். எஸ் என்றால் மனநிலை, எச் என்றால் செவி, ஏ என்றால் கை கால், பி என்றால் உடல் திறன், இ என்றால் கண். ஐந்திலும் ஒன்று வாங்கியவர் 'ஷேப்–1'. ஆக, முதல் எழுத்தே மனநிலை. அதில் கை வைத்தால் மருத்துவக் கேட்டகரி இறங்கும். கேட்டகரி இறங்கினால் பதவி உயர்வும் போஸ்டிங்கும் பாதிக்கப்படும் என்ற பயம் ஒவ்வொரு சிப்பாய்க்கும் உண்டு. "தூக்கம் வரவில்லை" என்று டாக்டரிடம் சொல்லக்கூடாது என இருபது வருடம் பழகிய மனிதரிடம்தான் நாம் போய், "மனசுவிட்டுப் பேசுங்கள்" என்கிறோம். அவர் மௌனமாக இருந்தால் பயிற்சியாளர் அதைப் பிடிவாதம் என்று குறித்துக்கொள்ளக் கூடாது.

படி 3: வீட்டைப் படிப்பது

வகுப்பறையில் இதைக் கற்றுத்தர முடியாது. ஒவ்வொரு பயிற்சியாளரும் சம்மதம் பெற்று, பட்டாளத்து வீடு மூன்றுக்காவது நேரில் போய்வர வேண்டும். ஆலோசனை சொல்வதற்காகப் போகவில்லை, உட்கார்ந்து பார்த்துவிட்டு வரத்தான்.

நான் பார்க்கச் சொல்லும் பொருள் ஒன்று உண்டு: பெட்டி. கருப்பு வண்ணம் பூசிய இரும்பு டிரங்குப் பெட்டி, மேலே வெள்ளை எழுத்தில் எண், பெயர், யூனிட். அது எங்கே இருக்கிறது, திறந்தால் என்ன இருக்கிறது? ஒரு வீட்டில் கணவர் ஓய்வுபெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. பீரோவின் நான்கு தட்டிலும் மனைவி, பிள்ளைகளின் துணிகள். அவருடைய நான்கு சட்டையும் இரண்டு வேட்டியும் இன்னும் பெட்டிக்குள்ளேயே, இஸ்திரி மடிப்புக் கலையாமல். தினமும் காலையில் பெட்டியைத் திறந்து சட்டையை எடுத்துக்கொண்டு பூட்டிவிடுவார். சட்டைகளைப் பீரோவில் வைக்காதீர்கள் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. வையுங்கள் என்றும் சொல்லவில்லை. அந்த வீட்டைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசிக் கிடைக்காத செய்தி அந்தப் பெட்டியில் கிடைத்தது.

அவர் இல்லாத இருபது வருடமும் வீடு நின்றுபோகவில்லை. மனைவி ரேஷன் கார்டு மாற்றினார், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தார், மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார், கிணறு வெட்டக் கடன் வாங்கி அடைத்தார், பங்காளியிடம் நேரில் நின்று சண்டை போட்டார். மூத்த மகன் பதினான்கு வயதில் வீட்டுக்கு ஆண்பிள்ளையானான். லீவில் அப்பா வரும்போது மட்டும் எல்லோரும் அவரவர் இடத்தைவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். கறி எடுப்பார்கள், விருந்து நடக்கும். முப்பது நாளைக்கு எந்த வீட்டாலும் அப்படி ஒதுங்கி நிற்க முடியும். முப்பது வருடத்துக்கு முடியாது. அவர் நிரந்தரமாக வந்ததும், "இந்த வீட்டில் என் பேச்சை யார் கேட்கிறார்கள்?" என்ற கேள்வி எழுகிறது. மனைவிக்கோ, "இத்தனை நாள் யாரைக் கேட்டு நடத்தினேன்?" என்று தோன்றுகிறது. இரண்டு கேள்வியும் நியாயமானவை.

வீட்டிலிருந்து திரும்பியதும் பயிற்சியாளர் ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் எழுத வேண்டும்: பணம் யார் கையில், ஏ.டி.எம். அட்டை யாரிடம், நிலம் யார் பெயரில், கல்யாணப் பத்திரிகை வந்தால் யார் போவது, இரவில் யார் எங்கே படுக்கிறார்கள். பெரும்பாலான வீரர்கள் நாற்பது வயதையொட்டியே ஓய்வு பெறுகிறவர்கள். இன்னும் பாதி வாழ்க்கை மிச்சமிருக்கிறது என்பதை மறந்துவிட்டு, பெரியவரைப் பார்த்துக்கொள்வது போல எழுதப்பட்ட அறிக்கைகளைத் திருப்பிக் கொடுங்கள்.

படி 4: கேட்பதற்குப் பழக்குதல்

நடிப்புப் பயிற்சிதான் இங்கே ஆசான். ஒருவர் வீரர், ஒருவர் மனைவி, ஒருவர் ஆலோசகர். மூன்று பாத்திரத்தையும் எல்லோரும் மாறி மாறி ஏற்க வேண்டும். ஆலோசகரைவிட மனைவியாக நடித்தவர்தான் அதிகம் கற்றுக்கொள்கிறார் என்பது என் அனுபவம்.

கேட்கக் கூடாத கேள்வி ஒன்றைப் பலகையில் எழுதி வையுங்கள்: "யாரையாவது சுட்டிருக்கிறீர்களா?" ஊரில் சின்னப் பையன்கள் வரை கேட்டு முடித்த கேள்வி அது. எந்த இடம், எந்த நடவடிக்கை என்று துருவுவதும் வேண்டாம். சில விவரங்களைச் சொல்ல அவருக்குச் சட்டத் தடை உண்டு. நமக்கு அவை தேவையும் இல்லை. "எந்த போஸ்டிங்கில் தூக்கம் கெட ஆரம்பித்தது?" என்று கேட்டால் போதும், அவரே எவ்வளவு சொல்ல வேண்டுமோ அவ்வளவு சொல்வார்.

உடம்பு வழியாகப் போவது எளிது. முதுகுவலி, நெஞ்சு படபடப்பு, வயிற்றெரிச்சல் பற்றிப் பேச எந்த வீரரும் வெட்கப்படுவதில்லை. அதைச் சாக்கு என்று தள்ளாமல் பத்து நிமிடம் அதையே கேளுங்கள். வலி எப்போது கூடுகிறது, அப்போது வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் மற்றது தானாக வரும்.

செவியைக் கவனியுங்கள். பீரங்கிப் படையிலும் துப்பாக்கிப் பயிற்சி மைதானத்திலும் வருடக்கணக்கில் நின்றவர்களுக்குக் காது மந்தமாகியிருப்பது சகஜம். மனைவி மெல்லச் சொன்னது கேட்காமல் அவர் பேசாதிருக்க, "நான் பேசினால் மதிப்பதே இல்லை" என்று அந்த அம்மாள் அழுதிருப்பார். டி.வி. சத்தத்துக்காகத் தினமும் சண்டை நடக்கும். அவருக்கு எந்தக் காது நன்றாகக் கேட்கிறது என்று கேட்டு, அந்தப் பக்கம் நாற்காலியைப் போடுங்கள். சில குடும்பங்களில் காது டாக்டரிடம் அனுப்பியதே பாதிச் சண்டையைக் குறைத்திருக்கிறது.

மொழியும் ஒரு சங்கதி. பதினெட்டு வயதில் போனவருக்குப் பட்டாளத்து வாழ்க்கை முழுவதும் இந்தியில் நடந்தது. வெலிங்டன் மதராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் "வீர மதராஸி, அடி கொல்லு" என்று முழங்கியிருந்தாலும், அன்றாட உத்தரவும் திட்டும் நட்பும் இந்திதான். ஆகவே மிகக் கொடுமையான நினைவைச் சொல்லும் இடத்தில் திடீரென்று இந்திக்குத் தாவிவிடுவார். புரியவில்லை என்று இடைமறிக்க வேண்டாம். சொல்லி முடித்த பின், "அதைத் தமிழில் சொன்னால் எப்படி இருக்கும்?" என்று மெதுவாகக் கேளுங்கள். அவர் சொல்லாமல் எழுந்து போனாலும் தவறில்லை.

படி 5: அளவுகோல்கள்

இதைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம். மனச்சோர்வுக்கு ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.க்யூ–9, மொத்தம் 27 மதிப்பெண், ஒன்பதாவது கேள்வி உயிரை விடும் எண்ணம் பற்றியது, அதில் பூஜ்யத்துக்கு மேல் எது வந்தாலும் அன்றே பேச வேண்டும். மதுவுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் வினாத்தாள்: பத்துக் கேள்வி, 40 மதிப்பெண், 8 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனம், 20 தொட்டால் மருத்துவரிடம் அனுப்புங்கள். அதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்பைச் சலித்தெடுக்க ஐந்து கேள்விப் படிவம் உண்டு. மூன்று, நான்கு கேள்விகளுக்கு "ஆம்" என்றால் மேல் பரிசோதனை.

இவை சல்லடைகள். நோயை நிர்ணயிக்கும் கருவிகள் அல்ல என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். முதல் சந்திப்பிலேயே படிவத்தை நீட்டினால் வீரருக்கு, உடல்தகுதியை முடிவுசெய்யும் மெடிக்கல் போர்டு ஞாபகம் வந்துவிடும். ஆகவே இரண்டாம் சந்திப்பில் வாயால் கேட்டுக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

படி 6: குடி

இதற்கு நான் மூன்று வகுப்பு ஒதுக்குவேன்.

ராணுவக் கேன்டீனில் மதுவுக்கு மாதக் கோட்டா உண்டு. குளிர்ப் பிரதேசத்தில் ரம் அன்றாட வாழ்வின் ஒரு பகுதியாக இருந்தது. குழுவாகக் குடித்தார்கள், அளவும் நேரமும் யூனிட்டின் கட்டுப்பாட்டில் இருந்தன. ஊருக்கு வந்தபின் பாட்டில் இருக்கிறது, யூனிட் இல்லை. உறவுக்காரர்கள் அந்தக் கோட்டாவுக்காகவே மாலையில் வந்து உட்காருவார்கள். குடியை ஒழுக்கக் கேடாக மட்டும் பார்க்கும் பயிற்சியாளருக்கு இந்தக் கதை புரிய வேண்டும். புரிந்தால்தான், "மாலை ஆறு மணிக்கு என்ன செய்வீர்கள்?" என்ற கேள்வி அவருக்குத் தோன்றும்.

ஆபத்தான இரண்டு வழக்கங்களைப் பற்றி எச்சரித்தே ஆக வேண்டும். ஒன்று, கார்த்திகையில் மாலை போட்டுக்கொண்டோ, கோயிலில் கயிறு கட்டியோ, கேன்டீன் கார்டைப் பிடுங்கி வைத்தோ ஒரே நாளில் குடியை நிறுத்துவது. தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் உடல் நடுக்கம், குழப்பம், இல்லாததைக் கண்டு பேசுதல் வரலாம். இது உயிரைப் பறிக்கக் கூடிய நிலை. நிறுத்துவது நல்ல முடிவு, அதை மருத்துவர் மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்று குடும்பத்துக்கு நேராகச் சொல்லப் பழக்குங்கள்.

மற்றொன்று, "குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கலாம்" என்று விளம்பரப்படுத்தும் மருந்தைச் சாம்பாரில் கலப்பது. குடிக்கு எதிரான சில மருந்துகள் மதுவோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆள் விழுந்துவிடுவார். தெரியாமல் கொடுத்தது தெரியவந்தால் இருக்கிற நம்பிக்கையும் போகும். கலந்துகொண்டிருக்கிற மனைவியைக் கடிந்துகொள்ள வேண்டாம். வேறு வழி தெரியாததால் செய்திருக்கிறார். நிறுத்தச் சொல்லி, மருத்துவரிடம் தானே சொல்லத் துணை நில்லுங்கள்.

நாள்பட்ட குடியோடு மனைவி மேல் சந்தேகமும் சேர்ந்து வருவதுண்டு. "நான் எல்லையில் இருந்தபோது இங்கே என்ன நடந்தது?" என்ற கேள்வி ஒவ்வொரு இரவும் வரும். அடி விழுகிற வீட்டில் கணவனையும் மனைவியையும் ஒன்றாக உட்காரவைத்து ஆலோசனை நடத்தவே கூடாது. அறையில் தான் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் அந்தப் பெண் இரவில் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். தனியாகப் பேசுங்கள், பெண்கள் உதவி எண் 181-ஐ மனப்பாடம் செய்யவையுங்கள், 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் என்ன பாதுகாப்பு கிடைக்கும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். "நாட்டைக் காத்தவர் ஆயிற்றே" என்ற வாதம் இங்கே செல்லாது.

படி 7: உயிராபத்து

"சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" இந்த வாக்கியத்தை ஒவ்வொரு பயிற்சியாளரும் குரல் நடுங்காமல் சொல்லும்வரை நடிப்புப் பயிற்சி நடக்கட்டும். கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்ற பயம் தவறானது. கேட்பது பலருக்கு ஆறுதலாகவே இருக்கிறது. சுற்றி வளைத்து, "தப்பான முடிவு ஏதாவது..." என்று இழுப்பவர்களை நிறுத்தி மறுபடி சொல்லவையுங்கள்.

"ஆம்" என்றால் அடுத்த கேள்வி வழி பற்றியது. கிராமத்தில் அது பெரும்பாலும் பூச்சிமருந்து. வங்கிக் காவலராக வேலைபார்க்கும் முன்னாள் வீரரிடம் உரிமம் பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்கும். அதைக் கையாளும் தேர்ச்சியும் அவருக்கு உண்டு. மருந்து டப்பாவை வேறு வீட்டில் பூட்டி வைப்பது, துப்பாக்கியைத் தற்காலிகமாக ஒப்படைப்பது ஆகியவற்றை அவருடைய சம்மதத்தோடு அன்றே ஏற்பாடு செய்ய வேண்டும். பிறகு ஒரு தாளில் அவர் கையாலேயே எழுதவையுங்கள்: எண்ணம் வரும் அறிகுறி என்ன, அப்போது தானாகச் செய்யக் கூடியது என்ன, யாரிடம் போய் உட்காரலாம், யாருக்குப் போன் செய்யலாம். அந்தப் பட்டியலில் பழைய யூனிட் தோழர் ஒருவர் பெயர் பெரும்பாலும் வரும். வீட்டாரிடம் சொல்லாததை அவரிடம் சொல்வார்கள்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர், வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை, கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்கும் குடும்பத்திடம் இதைச் சொல்ல வேண்டும். 14416 என்ற அரசின் மனநல உதவி எண் (டெலி–மானஸ்) எந்நேரமும் கட்டணமின்றிக் கிடைக்கும், தமிழிலும் பேசலாம். ஆயுதப்படையினருக்கும் குடும்பத்தினருக்கும் இதன் தனிப் பிரிவு ஒன்று 2023 டிசம்பரில் புணே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் தொடங்கப்பட்டது.

படி 8: போரின் காயம்

இங்கேதான் பாடநூல் வருகிறது. அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தப் பாதிப்பு என்ற பெயர் 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ஏறியது. மீண்டும் மீண்டும் வரும் நினைவு, தவிர்த்தல், எப்போதும் விழிப்பாக இருத்தல், மனம் மரத்துப்போதல் ஆகியவற்றைப் பயிற்சியாளர் அடையாளம் காண வேண்டும். சிகிச்சை அளிப்பது சிறப்புப் பயிற்சி பெற்றவர் வேலை. நடந்ததை ஒரே அமர்வில் முழுதாகக் கொட்டவைத்தால் பாரம் இறங்கிவிடும் என்ற பழைய எண்ணத்தை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. சிலருக்கு அது கெடுதலும் செய்கிறது. நினைவு வந்து ஆள் தத்தளித்தால் நிறுத்தி, அறையில் தெரியும் ஐந்து பொருளைச் சொல்லச் சொல்லி, தரையில் பாதத்தை ஊன்றவைத்து நிகழ்காலத்துக்குக் கொண்டுவருவதோடு ஆலோசகர் நின்றுகொள்ள வேண்டும்.

பயத்தால் வராமல் குற்றவுணர்வால் வரும் காயத்தை நான் இன்னும் அழுத்திச் சொல்லிக்கொடுப்பேன். செய்ததோ, செய்யத் தவறியதோ, பார்த்துக்கொண்டு நின்றதோ மனச்சாட்சியை அறுக்கும். தமிழ் வீரர்களிடம் இதற்குத் தனி அத்தியாயம் உண்டு. 1987 ஜூலை முதல் 1990 மார்ச் வரை இந்திய அமைதிப்படை இலங்கையில் இருந்தது. சுமார் 1,200 இந்திய வீரர்கள் அங்கே உயிரிழந்தார்கள். மதராஸ் ரெஜிமெண்டின் பட்டாலியன்களும் போயிருந்தன. அங்கே சோதனைச் சாவடியில் நின்ற வேலூர்ச் சிப்பாய்க்கு எதிரே அழுத தாயின் சொல் ஒவ்வொன்றும் புரிந்தது. பக்கத்தில் நின்ற வேற்றுமொழிச் சிப்பாய்க்கு அந்தப் பாரம் இல்லை. திரும்பி வந்தபோது சொந்த ஊரிலும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அந்த வீரர்களில் இளையவர்களே இன்று ஐம்பதுகளின் நடுவில் இருக்கிறார்கள், மூத்தவர்கள் அறுபதைத் தாண்டிவிட்டார்கள். பலர் பேரப்பிள்ளை பிறந்த பிறகே வாயைத் திறக்கிறார்கள்.

இவர்களிடம், "நீங்கள் கடமையைத்தான் செய்தீர்கள்" என்று சமாதானம் சொல்வது கதவைச் சாத்துவதற்குச் சமம். அரசியல் பேசவும் வேண்டாம். ஈழப் போரைப் பற்றிப் பயிற்சியாளருக்கு உறுதியான கருத்து இருக்கும்; அதை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். முடியாதவர் அந்த வழக்கை எடுக்க வேண்டாம்.

படி 9: பதினேழாம் நாள்

வீரமரணம் நிகழ்ந்த வீட்டுக்கு முதல் நாள் அமைச்சர், ஆட்சியர், தொலைக்காட்சி எல்லாம் வரும். கொடி போர்த்திய பெட்டி, துப்பாக்கி முழக்கம், மாலைகள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பந்தலைப் பிரித்துவிடுவார்கள். உங்கள் ஆலோசகர் பதினேழாம் நாள் போகட்டும். பிறகு மூன்றாம் மாதம், முதல் தீபாவளி, முதல் திதி.

அந்த வீட்டில் துக்கத்தோடு பணமும் வந்திருக்கும். இழப்பீடும் குடும்ப ஓய்வூதியமும் மனைவிக்கு எவ்வளவு, பெற்றோருக்கு எவ்வளவு என்று தகராறு தொடங்கியிருக்கும். மகனைப் பறிகொடுத்த தாயும் கணவனைப் பறிகொடுத்த இருபத்து நான்கு வயதுப் பெண்ணும் ஒரே சமையலறையில் பேசாமல் வேலை செய்வார்கள். மைத்துனனுக்குக் கட்டிவைக்கலாம் என்ற யோசனையை யாராவது பெரியவர் எடுப்பார். ஆலோசகர் பஞ்சாயத்து செய்யக் கூடாது. பணச் சிக்கலை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் வழக்கறிஞருக்கும் அனுப்பிவிட்டு, மாமியாரிடம் தனியாக, மருமகளிடம் தனியாக உட்கார வேண்டும். கணவனைப் பறிகொடுத்த அந்தப் பெண்ணை, படையின் வழக்கப்படி "வீர நாரி" (வீரப் பெண்) என்று அழைப்பது மேடைக்குச் சரி. வீட்டில் பெயர் சொல்லியோ, "அம்மா" என்றோ கூப்பிடுங்கள். அழுதால் வீரனின் மனைவிக்கு அழகில்லை என்று யாரோ ஏற்கெனவே சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.

பிள்ளைகளிடம் "அப்பா டூட்டிக்குப் போயிருக்கிறார்" என்று சொல்லி வைத்திருந்தால் அதை மெல்ல மாற்றுங்கள். மற்ற வீட்டில் அது பாதி உண்மையாகத் தேறலாம். இந்த வீட்டில் அப்பா டூட்டியிலிருந்து எப்போதும் திரும்பி வந்தவர். பிள்ளை காத்துக்கொண்டே இருக்கும்.

படி 10: அனுப்பும் வழியும் மேற்பார்வையும்

ஒவ்வொரு பயிற்சியாளரும் தன் வட்டாரத்துக்கு ஒரு பக்க வரைபடம் தயாரிக்க வேண்டும்: அருகிலுள்ள இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக், அங்கிருந்து எந்த மருத்துவமனைக்குப் பரிந்துரைப்பார்கள், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்தக் கிழமை எந்த அரசு மருத்துவமனையில் இருப்பார், போதை மீட்பு எங்கே. நேரில் போய் வாசலைப் பார்த்து எழுதிய வரைபடமாக இருக்கட்டும். வேலூர்க்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. சி.எம்.சி. மருத்துவமனையின் பாகாயம் மனநல மையம் 1950-களிலேயே நோயாளியோடு குடும்பத்தினரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறையை நடைமுறைப்படுத்தியது. பயிற்சியாளர்களை அங்கே ஒரு நாள் அழைத்துப்போக அனுமதி கேட்டுப் பாருங்கள்.

பணியில் இருப்பவர் லீவில் வந்து பேசினால் ரகசியம் பற்றி முதலில் தெளிவாகச் சொல்ல வேண்டும். யூனிட்டுக்கு எதையும் தெரிவிக்க மாட்டோம், உயிராபத்து என்றால் மட்டும் உரியவரிடம் பேசுவோம், அதையும் உங்களிடம் சொல்லிவிட்டே செய்வோம். காகிதத்தில் கொடுக்கும் வாக்குறுதி இது. மீறும் ஆலோசகரை நீக்கத் தயாராக இருங்கள். ஒரு தெருவில் ஒருமுறை செய்தி கசிந்தால் அந்தத் தெருவே மூடிக்கொள்ளும்.

கால அளவு: சனிக்கிழமைதோறும் ஆறு மணி நேரம் வீதம் 12 வாரம், வீடுகளுக்குப் போய்வருவது தனி. முடிந்தபின் ஆறு மாதத்துக்கு மாதம் இருமுறை மேற்பார்வைக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் வழக்கைப் பேசுவதற்கு முன் ஆலோசகரின் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கேளுங்கள். படைவீரரின் மனைவியாக இருந்துகொண்டே ஆலோசகரானவர்களுக்கு இது இரட்டைச் சுமை. எதிரே இருப்பவர் சொல்லும் கதை தன் வீட்டுக் கதையாகவே இருக்கும்.

இறுதித் தேர்வு எழுத்தில் வேண்டாம். ஓய்வுபெற்ற வீரர் ஒருவரையும் வேறொரு வீரரின் மனைவியையும் தேர்வாளர்களாக அழைத்து, அவர்கள் முன் அரை மணி நேரம் பேசவையுங்கள். "இவரிடம் மறுபடி வருவீர்களா?" என்ற ஒரே கேள்விக்கு இருவரும் தனித்தனியாக விடை எழுதட்டும்.

ஆறாம் மாதம் வீட்டுக்குப் போகும்போது ஆலோசகர் நிரப்ப ஒரு தாள் கொடுப்போம். தூக்கம், குடி, சண்டை, வேலை என்று பத்து வரி. கடைசி வரியை நான் சேர்த்தேன்: சட்டைகள் எங்கே இருக்கின்றன? முன்பு சொன்ன வீட்டிலிருந்து வந்த தாளில் அந்த வரிக்கு எதிரே, "இரண்டு பீரோவில், இரண்டு பெட்டியில். பெட்டி பூட்டவில்லை" என்று எழுதியிருந்தது.